அளக்காத எண்கள்

அக்டோபர் 9, திங்கள்

மேட்ரன் லூர்துமேரி இன்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"ராஜகனி, இருபத்திரெண்டு பேருக்கு பி.பி. பாக்க ஒனக்கு ரெண்டு மணி நேரமா? முன்னெல்லாம் இருபது நிமிசத்துல முடிச்சிருவியே?"

"முன்னெல்லாம் பாக்கல மேடம். எழுதுனேன்" என்றேன்.

என்னோடு டூட்டி பார்க்கும் வடிவு சிரித்துவிட்டாள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள். மேட்ரன் சிரிக்கவில்லை.

டாக்டர் கோமதிநாயகத்தின் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து பதினேழு வருஷம். நாற்பது படுக்கை. காய்ச்சல் வார்டு மாடியில். மழை பிடித்ததும் டெங்கு மறுபடி வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்துக்கு இப்படித்தான் இருக்கும். இந்த ஒரு மாதமும் அளக்காமல் ஒரு எண்ணைக்கூட எழுத மாட்டேன். அதை எழுதிவைக்கத்தான் மகள் பாதியில் விட்டுப்போன இந்த நோட்டை எடுத்தேன். அவள் மதுரையில் படிக்கிறாள். வீட்டில் நானும் வீட்டுக்காரரும்தான்.

யூனிஃபார்ம் காயவில்லை. அயர்ன் பாக்ஸ் போட்டே காய வைத்தாயிற்று.

அக்டோபர் 10, செவ்வாய்

டீ குடிக்கும்போது வடிவு கேட்டாள். "என்னக்கா, எல்லாருக்கும் காலத் தொட்டுத் தொட்டுப் பாக்கிய? ஆசீர்வாதம் வாங்குத மாரி இருக்கு."

சொன்னேன். டெங்குவில் காய்ச்சல் இருக்கும்போது பயமில்லை. விடும்போதுதான் பயம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போய்விடும். உள்ளே ஓடுவதற்கு இரத்தம் பற்றாது. அதுதான் ஷாக். கரண்ட் ஷாக்கும் இல்லை, கெட்ட செய்தி கேட்ட அதிர்ச்சியும் இல்லை. உடம்பு கெட்டிக்காரத்தனமாகக் கைகாலுக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்து இருதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பும். அதனால் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பி.பி.யில் மேல் எண்ணும் விழாது. கீழ் எண் ஏறி ஏறி மேல் எண்ணுக்குப் பக்கத்தில் வரும். நாடி ஓடும். கால் குளிரும். மேல் எண் விழுந்த பிறகு கண்டுபிடிப்பது கண்டுபிடிப்பே இல்லை.

"இதெல்லாம் படிச்சதுதானக்கா" என்றாள் வடிவு. "ஆனா நான் சேந்த மொத வாரத்துல நீங்கதான சொன்னிய? கூட்டம் ஜாஸ்தியா இருந்தா நூத்திப்பத்துக்கு எழுவதுன்னு போட்டுட்டுப் போயிரணும்னு?"

"சொன்னேன். இப்ப வேண்டாங்கேன்."

"ஏன்க்கா?"

டீ ஆறிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

ஏழாம் படுக்கைக்கு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்திருக்கிறார். காலையிலிருந்து நான்கு தடவை பார்த்தேன். நான்காவது தடவை, "ஏம்மா, எனக்கு என்ன சாவப்போற வியாதியா?" என்றார். சாதாரணக் காய்ச்சல்தான் என்றேன். அதுவும் உண்மைதான். ஆனாலும் வீட்டுக்குக் கிளம்புமுன் ஐந்தாவது தடவையும் பார்த்தேன்.

வீட்டில் தண்ணீர் டிரம்மில் கொசுப்புழு. கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினேன். வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, "ஆகஸ்ட்லேர்ந்தே நீ சரியில்ல. ஒழுங்கா தூங்கவும் மாட்டேங்க. என்னன்னு சொல்லேன்" என்றார்.

கொசு என்றேன்.

அக்டோபர் 13, வெள்ளி

மழை. முப்பத்தொரு காய்ச்சல். வராந்தாவிலும் கட்டில் போட்டாயிற்று. எல்லாரையும் அளந்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினான்காம் படுக்கை செய்யதலி பாத்திமா. இருபத்தெட்டு வயசு, இரண்டு பிள்ளைகள், பீடி சுற்றுகிறவள். காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள். நேற்று மாலையோடு காய்ச்சல் விட்டுவிட்டது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று சீட்டைப் பார்த்து, "காய்ச்சல் இல்ல. வீட்டுக்குப் போலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவளுடைய உம்மா பைகளைக் கட்டிவிட்டார். கீழே ஆட்டோவும் வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு, டிரிப்ஸுக்காகக் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசியை எடுக்கப் போனேன். எடுப்பதற்கு முன்னால் கையைப் பிடித்தேன். ஃபிரிட்ஜில் வைத்த தக்காளி மாதிரி இருந்தது. கால் அதைவிட மோசம். நகத்தை அழுத்தி விட்டேன், வெளுத்தது சிவக்க நான்கு எண்ண வேண்டியிருந்தது. நாடி நூற்றுப் பதினெட்டு. பி.பி. நூறுக்கு எண்பது. இரண்டு தடவை அளந்தேன், அதேதான்.

"வயிறு வலிக்காம்மா?"

"லேசா வலிக்கி சிஸ்டர். வாந்தி ரெண்டு மட்டம் எடுத்தேன். பரவால்ல, வீட்ல போய் படுத்தா சரியாயிரும்."

"ஒண்ணுக்குப் போனியா?"

யோசித்தாள். "காலையிலேர்ந்து போவல."

உம்மாவிடம் ஆட்டோவை அனுப்பிவிடச் சொன்னேன். அவர் பதறிப்போய், "டாக்டரு போவச் சொல்லிட்டாவளே?" என்றார். "நான் போவச் சொல்லல" என்றேன்.

இன்டர்காமில் டாக்டரைக் கூப்பிட்டேன். கீழே ஓ.பி.யில் எண்பது பேர் நிற்கிறார்கள். எரிச்சலோடுதான் எடுத்தார்.

"பி.பி. நூறு இருக்குல்லா? காய்ச்சலும் விட்டாச்சு. அனுப்பு. கீழ நாலு பேரு பெட்டுக்கு நிக்காவ."

"நூறுக்கு எண்பது சார். நடுவுல இருவதுதான் இருக்கு. காலு ஐஸா கெடக்கு."

"ராஜகனி, டாக்டர் நீயா நானா?"

"நீங்கதான் சார். அதான் வந்து பாருங்கங்கேன்."

வைத்துவிட்டார்.

நான் அவளைத் தலையணை இல்லாமல் மட்டமாகப் படுக்க வைத்தேன். ஆக்ஸிஜன் வைத்தேன். அடுத்த கையிலும் ஒரு ஊசி போட்டு இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். பிறகு ஆர்.எல். டிரிப்ஸ் பாட்டிலை மாட்டித் திறந்தேன். உத்தரவு இல்லாமல். வடிவு என் முழங்கையைப் பிடித்து, "அக்கா, ஆர்டர் இல்லாம போடாதிய. வேல போயிரும்" என்றாள். "கையை விடு" என்றேன்.

டாக்டர் மாடிப்படி ஏறி வரும் சத்தமே சரியில்லை. வார்டே எழுந்து உட்கார்ந்தது. டிரிப்ஸ் ஓடுவதைப் பார்த்தார். "யார் போடச் சொன்னா? இந்த ஆஸ்பத்திரி உன் வீடா?" என்று கத்தினார். நான் அவர் கையைப் பிடித்து அவள் பாதத்தில் வைத்தேன். பதினேழு வருஷத்தில் அவர் கையை நான் தொட்டதில்லை.

கத்திக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கையை எடுக்கவில்லை. மற்றக் காலையும் தொட்டார். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு அவரும் மெதுவாக எண்ணினார். அப்புறம் வேறு குரல்.

"எடை என்ன?"

"நாப்பத்தெட்டு கிலோ சார்."

"ஒரு மணி நேரத்துல ஐந்நூறு ஓடட்டும். கால் மணிக்கொரு தடவை பி.பி. பிசிவி வந்துதா? இரத்தத்துக்கும் சொல்லி வை."

இரத்தத்தின் கெட்டியைக் காட்டும் அந்த பிசிவி ஐம்பத்தொன்று. சேர்ந்த அன்றைக்கு முப்பத்தெட்டு. நீர் போய் இரத்தம் அவ்வளவு கெட்டிப்பட்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓ.பி. காத்துக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்குப் பாதம் வெதுவெதுப்பானது. நாடி நூறுக்குக் கீழே வந்தது. பி.பி. நூற்றாறுக்கு எழுபத்திரண்டு. நடுவில் முப்பத்துநான்கு. இரண்டரை மணிக்கு அவள், "ஒண்ணுக்கு வருது சிஸ்டர்" என்றாள். அவள் உம்மாவுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று புரியவில்லை.

டாக்டர் போகும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 18, புதன்

பாத்திமாவுக்கு டிரிப்ஸைப் படிப்படியாகக் குறைத்து இன்று நிறுத்தியாயிற்று. கசிந்த நீர் திரும்ப இரத்தத்துக்குள் வரும் நேரம் இது. இப்போது நாம் ஊற்றினால் நுரையீரலில் போய்த் தேங்கும். கொடுக்கும்போது போலவே நிறுத்தும்போதும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இட்லி நான்கு சாப்பிட்டாள். சட்னி உப்புக் குறைவு என்று குறை சொன்னாள். நல்ல அறிகுறி.

அக்டோபர் 19, வியாழன்

மெமோ வந்துவிட்டது. மூன்று குற்றம். டிஸ்சார்ஜ் உத்தரவை மீறியது. உத்தரவின்றி டிரிப்ஸ் போட்டது. நோயாளிகள் முன்னிலையில் மருத்துவரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டது. ஒரு வாரத்தில் எழுத்தில் பதில்.

மூன்றும் உண்மை. மேட்ரன் என்னைத் தனியே கூப்பிட்டு, "மன்னிச்சிருங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்திரு. அவரும் அதத்தான் எதிர்பாக்காரு" என்றார்.

எழுத மாட்டேன்.

அக்டோபர் 20, வெள்ளி

பாத்திமா வீட்டுக்குப் போனாள். தானே நடந்துபோய் ஆட்டோவில் ஏறினாள்.

அக்டோபர் 21, சனி

இன்று விடுப்பு. காலையில் மாவரைத்தேன், ரேஷனுக்குப் போய் வந்தேன், மெமோவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மூன்றையும் செய்தேன், மறுபடியும் அப்படி ஒருத்தி வந்தால் மறுபடியும் செய்வேன் என்று எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் ஏதோ பெரிய மனுஷி பேசுவது போல இருந்தது. அது பிடிக்கவில்லை. ஆகவே இரண்டாம் பக்கம் எழுதினேன். அதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22. ஏழாம் படுக்கை. சண்முகவேல், முப்பத்தொரு வயது, வெல்டிங் பட்டறை. அவருக்கும் காய்ச்சல் விட்டு ஒரு நாள். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவர் சீட்டில் நூற்றுப்பத்துக்கு எழுபது என்று எழுதினேன். மூன்று தடவையும் நான் அவரைத் தொடவில்லை. மூன்றுக்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. இரண்டு மணிக்கு அவர் மனைவி ஓடிவந்து, "அவ்வொ கை குளுருது சிஸ்டர்" என்றாள். காய்ச்சல் விட்டால் குளிரத்தான் செய்யும் என்றேன். நாற்காலியை விட்டு எழவில்லை. அன்று வார்டில் முப்பது பேர் இருந்தார்கள், ஆனால் அது காரணம் இல்லை. நான் அப்போது மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்குப் போனபோது நாடி கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு இறந்துவிட்டார்.

எழுதியதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். நின்றபடியே இரண்டு பக்கமும் வாசித்தார். பிறகு, "கொசு இல்ல, அப்படித்தான?" என்றார்.

அக்டோபர் 23, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஆயுத பூஜை. பி.பி. கருவிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். எண் தெரியவில்லை. துடைத்துவிட்டு அளந்தேன். இன்றைக்கு ஒரு நாளாவது விடக்கூடாதா என்று மேட்ரன் கேட்டார். காய்ச்சலுக்கு லீவு இல்லையே மேடம் என்றேன். பொரியும் கடலையும் தந்தார்கள்.

அக்டோபர் 25, புதன்

டாக்டர் அறையில் அவரும் மேட்ரனும் நானும். கதவைச் சாத்தச் சொன்னார். இரண்டு பக்கத்தையும் வாசித்தார். முதல் பக்கத்தை மேசையில் வைத்தார். இரண்டாம் பக்கத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"மொதப் பக்கம் போதும். இதக் கிழிச்சிரு. மெமோவ நான் திரும்ப வாங்கிக்கிடுதேன். அந்தப் பொண்ணப் பிழைக்க வச்சது நீதான், அத எங்க வேணும்னாலும் சொல்லுதேன்."

"ரெண்டாம் பக்கம் இல்லேன்னா மொதப் பக்கம் பொய் சார்."

"ஒன் ரெஜிஸ்ட்ரேஷன் போயிரும். ஆஸ்பத்திரி பேரும் போயிரும். செத்தவன் திரும்பி வரப்போறானா?"

"வரமாட்டான். அவன் பொண்டாட்டி இருக்காள்லா சார்."

மேட்ரன் என் தோளைப் பிடித்து, "பைத்தியமாட்டி ஒனக்கு? பொட்டப் பிள்ளைய வச்சிருக்க" என்றார். அழுகிற குரல். பாவம், அவர் கெட்டவர் இல்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு ஒரு மணி ரவுண்ட்ஸ்ல நானும் அவனத் தொடல, ராஜகனி. ஒன் நம்பரப் பாத்துட்டுப் போயிட்டேன்."

"அத எழுதித் தாங்க சார்."

அவர் முகம் மறுபடி மூடிக்கொண்டது. மறு உத்தரவு வரும்வரை வர வேண்டாம் என்றார். பதிலின் இரண்டு பக்கத்தையும் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு நகல் இருக்கிறது.

அக்டோபர் 26, வியாழன்

வடிவு போன் செய்தாள். மேட்ரன் இப்போது அவளைத் திட்டுகிறாராம், ரெண்டு மணி நேரமா என்று.

அக்டோபர் 28, சனி

சண்முகவேலின் மனைவி பேர் முத்துப்பேச்சி. புருஷன் வீட்டில் இல்லை, பக்கத்து ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று பட்டறையில் சொன்னார்கள். காலை பஸ்ஸில் போனேன்.

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. போன். எதையும் மெழுகவில்லை.

அவள் அழவில்லை. கையில் இருந்த ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் பிழிய ஒன்றும் இல்லை.

"அப்ப எளநி?" என்றாள்.

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கதான சிஸ்டர் கேட்டிய? 'எளநி குடுத்தியா, அதான் குளுருது'ன்னு. எங்க அத்த என் பக்கத்துலதான் நின்னாவ. அன்னையிலேர்ந்து நான் எளநி குடுத்துக் கொன்னவ. பதினாறாம் நாள் முடிஞ்சதும் பிள்ளையோட அனுப்பிட்டாவ. நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். ரெண்டு மாசமா, தெனமும், அந்த எளநிய ஏன் வாங்குனேன்னு."

இருபத்தொன்றாம் தேதி எழுதியதில் இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். மெமோவுக்கான பதிலிலும் இல்லை. மறந்து விட்டதல்ல. கையெழுத்துப் போட்ட பொய்யை எழுத முடிந்தது. போகிற போக்கில் சொன்ன இதை எழுத முடியவில்லை.

"எளநியால இல்ல. எளநி நல்லதுதான். நீ குடுத்தது சரி" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? செருப்பப் போடுங்க. எங்க அத்த வீட்டுக்கு வந்து சொல்லணும். வீட்டுக்குள்ள இல்ல. தெருவுல நின்னு சொல்லணும்."

போனோம். பஸ்ஸில் அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில். மதியம் பன்னிரண்டு மணி, தெருவில் ஆட்கள் இருந்தார்கள். அவள் மாமியார் வாசலுக்கு வந்தார், கொழுந்தன் பின்னால் வந்தான். சத்தமாகச் சொன்னேன். என் பேர், என் வேலை, நான் செய்தது, நான் சொன்னது. இளநீர் கொடுத்ததால் ஒருவரும் சாவதில்லை, கை குளிர்கிறது என்று இவள் ஓடிவந்தாள், எழுந்து வராதவள் நான், என்றேன்.

கொழுந்தன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். நான் நகரவில்லை. நான்கு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து முத்துப்பேச்சியைப் பார்த்து, "உள்ள வாம்மா. இங்கனயே இரு" என்றார்.

"இருக்க வரல அத்த" என்றாள் அவள். "என் தையல் மிஷின எடுக்க வந்தேன்."

விறுவிறுவென்று உள்ளே போனாள். மிஷினின் தலையைக் கழற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கனம் அவளைச் சாய்த்தது. ஒரு கை கொடுக்கப் போனேன்.

"நீங்க தொடாதிய" என்றாள்.

நவம்பர் 2, வியாழன்

ஆஸ்பத்திரியின் வக்கீல் பேசினார். ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் இருந்தால் அனுபவச் சான்றிதழ் தருவார்களாம், வேறு ஊரில் வேலைக்கும் சொல்வார்களாம். இரண்டும் வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "சாப்பிட வா" என்றார்.

நவம்பர் 6, திங்கள்

இன்று மாவட்டத் தலைநகரில் இருக்கும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போனோம். முத்துப்பேச்சிதான் வரச் சொல்லிப் போன் செய்தாள். புகார் மனுவை அவளே எழுதியிருந்தாள், மூன்று பக்கம், கோடு போட்ட தாளில். ஆஸ்பத்திரி பேர், டாக்டர் பேர், என் பேர் எல்லாம் இருந்தன. வாசித்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு இடத்தில் நேரம் தவறாக இருந்தது, இரண்டரை என்று போட்டிருந்தாள். இரண்டு மணி என்று திருத்தச் சொன்னேன். அது எனக்குத்தான் இன்னும் பாதகம், நான் எழாமல் இருந்த நேரம் கூடும். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திருத்தினாள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதிய" என்றாள்.

"நெனைக்கல."

"மன்னிக்கவும் மாட்டேன்."

"சரி."

அதற்குப் பிறகு அவள் கொண்டுவந்த பாட்டிலில் இருந்து தண்ணீர் குடித்தாள். எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் கூப்பிட்டபோது இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தோம்.

உள்ளே இருந்த எழுத்தர் மனுவை மேலிருந்து கீழே வரை விரலை ஓட்டிப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"ஏம்மா, யார் மேல புகார்ங்கிற வரியிலயும் இந்தப் பேருதான் இருக்கு, சாட்சி யாருங்கிற வரியிலயும் இதே பேருதான் இருக்கு. தப்பா எழுதிட்டியளா?"

முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். அதற்குள் நான் மேசைக்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

"தப்பில்ல சார்" என்றேன். "ரெண்டும் நான்தான். எங்க கையெழுத்துப் போடணும்?"